ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நடந்தது என்ன? மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் டிரஸ்ட் குறித்த நிகழ்வு ஆய்வு

2008ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் உள்ள ஸ்டாஃபோர்ட்ஷயர் கவுண்டியில் இரண்டு அரசு மருத்துவமனைகளை நடத்திவந்த மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் டிரஸ்ட்டுக்கு 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' என்ற தகுதி வழங்கப்பட்டது. தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸில் நிதியையும் நிர்வாகத்தையும் செம்மையாகக் கையாளுவதாக நிரூபித்த அமைப்புகளுக்கே அன்று அந்தத் தகுதி கிடைத்தது. அதைப் பெற்ற டிரஸ்ட் மிச்சம் பிடித்த பணத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், கடன் வாங்கலாம், சுகாதாரத் துறையின் நேரடிப் பிடியிலிருந்து விலகி நிற்கலாம். அடுத்த மாதமே, மருத்துவமனைகளின் தரத்தை ஆராயும் பொறுப்பில் இருந்த ஹெல்த்கேர் கமிஷன், அதே டிரஸ்ட்டின்மீது விசாரணையைத் தொடங்கியது. 2009 மார்ச்சில் வெளிவந்த அந்த விசாரணையின் அறிக்கை, ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட நோயாளிகளுக்குக் கிடைத்த பராமரிப்பு அதிர்ச்சி தரும் அளவுக்கு மோசமாக இருந்ததை ஆதாரங்களோடு முன்வைத்தது.

ஒரே நிறுவனத்தை ஒரே காலத்தில் பார்த்த இரண்டு அரசு அமைப்புகள் இவ்வளவு முரண்பட்ட முடிவுகளுக்கு எப்படி வந்தன என்ற கேள்வியிலிருந்துதான் இந்த நிகழ்வை அணுக வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்டாஃபோர்டில் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. இறப்பு விகிதம், புகார்க் கடிதங்கள், செவிலியர் எழுதிய சம்பவ அறிக்கைகள், வல்லுநர் குழுக்களின் எச்சரிக்கைகள் எல்லாம் எழுத்தில் இருந்தன. அவற்றைப் பெற்ற ஒவ்வொரு அலுவலகமும், அதன்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியது இன்னொரு அலுவலகம் என்று இருந்துவிட்டது.

மருத்துவமனையும் அதன் நிர்வாகமும்

ஸ்டாஃபோர்ட் நகரத்து மருத்துவமனை 1983இல் திறக்கப்பட்டது. அதனோடு கேனக் நகரில் இருந்த கேனக் சேஸ் மருத்துவமனையும் சேர்ந்து, சுற்றுவட்டாரத்தில் சுமார் மூன்று லட்சம் பேருக்கான சேவையை ஒரே டிரஸ்ட்டின் கீழ் வழங்கிவந்தன. பெருநகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையின் புகழோ வசதியோ அதற்குக் கிடையாது. மூத்த மருத்துவர்களை ஈர்ப்பதே கடினமாக இருந்த நடுத்தர மருத்துவமனை அது. 2004இல், அப்போது நடைமுறையில் இருந்த நட்சத்திர மதிப்பீட்டில், மூன்று நட்சத்திரத்திலிருந்து ஒரே ஆண்டில் பூஜ்ஜியத்துக்கு அது சரிந்தது. பின்னால் வந்த விசாரணை பட்டியலிட்ட எச்சரிக்கைக் குறிகளில் இதுவும் ஒன்று.

2006-07 நிதியாண்டில் டிரஸ்ட் ஒரு கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கத் தீர்மானித்தது. அதன் மொத்த வரவுசெலவில் அது ஏறத்தாழ 8 விழுக்காடு. மருத்துவமனைச் செலவில் பெரும்பங்கு சம்பளம் என்பதால் அந்தத் தொகையைப் பணியிடங்களில்தான் வெட்ட முடிந்தது. 150க்கும் மேற்பட்ட இடங்கள் நீக்கப்பட்டன. ஏற்கெனவே ஆள் குறைவாக இருந்த வார்டுகளும் அதில் தப்பவில்லை. அதே சமயத்தில் வார்டுகளை ஒன்றிணைத்து, தளம் தளமாக மாற்றியமைக்கும் திட்டமும் நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியரின் விகிதம் குறைந்து, உதவியாளர்களின் விகிதம் கூடியது. இந்த வெட்டுகள் நோயாளியின் பாதுகாப்பை எப்படிப் பாதிக்கும் என்ற முறையான மதிப்பீடு எதையும் இயக்குநர் குழு முன்கூட்டிச் செய்யவில்லை. சுமார் 120 செவிலியர் குறைவாக இருக்கிறார்கள் என்பது 2008இல்தான் கணக்கிடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் முன்பே அந்தக் கணக்கைப் போட்டிருந்தால், ஒரு கோடி பவுண்டு மிச்சம் என்ற இலக்கு நடக்காத காரியம் என்று அன்றே தெரிந்திருக்கும். ஃபவுண்டேஷன் டிரஸ்ட் விண்ணப்பத்துக்கு அந்த இலக்கு தேவைப்பட்டது. இந்த முழு நிகழ்விலும் மிக முக்கியமான முடிச்சு இதுவே என்பது என் கருத்து.

அவசர சிகிச்சைப் பிரிவில் நான்கு மணி நேரம்

அன்றைய என்.எச்.எஸ். விதிப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளிகளில் 98 விழுக்காட்டினர் நான்கு மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்டு, வீட்டுக்கு அனுப்பப்படவோ, வார்டில் சேர்க்கப்படவோ, வேறிடத்துக்கு மாற்றப்படவோ வேண்டும். தள்ளுவண்டிப் படுக்கைகளில் நோயாளிகள் பல மணி நேரம் காத்துக்கிடந்த காலத்தை மாற்ற நல்ல நோக்கத்தோடு வந்த விதி அது. போதிய ஆள் இருந்த மருத்துவமனைகளில் அது பலன் தந்ததை மறுக்க முடியாது.

ஆள் இல்லாத ஸ்டாஃபோர்டில் அது எப்படி இயங்கியது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வாசலில் வந்து நிற்கும் நோயாளியின் நிலையைக் கணித்து, யாரை உடனே உள்ளே அழைப்பது, யார் காத்திருக்கலாம் என்று தரம்பிரிக்க வேண்டியவர் பயிற்சி பெற்ற செவிலியர். ஸ்டாஃபோர்டில் பல வேளைகளில் அதைச் செய்தவர்கள், மருத்துவப் பயிற்சி ஏதுமில்லாத வரவேற்பு மேசை ஊழியர்கள். உள்ளே நேரம் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றரை மணி நேரம் தாண்டியதும், மாரடைப்புச் சந்தேகத்தோடு மானிட்டரில் கண்காணிக்கப்பட வேண்டியவரை விட்டுவிட்டு, இலக்கைத் தாண்டிவிடக்கூடிய சாதாரண நோயாளியிடம் மருத்துவர் ஓட வேண்டிய நிர்ப்பந்தம் வரும். முடிவெடுக்கப்படாத நோயாளிகள் பக்கத்தில் இருந்த கண்காணிப்புப் பிரிவுக்கு நகர்த்தப்படுவார்கள். அங்கே போனதும் அவர்களுடைய கடிகாரம் நின்றுவிடும், ஆனால் அவர்களைக் கவனிக்க அங்கே போதிய செவிலியர் இருக்கமாட்டார். இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகளைப் பயன்படுத்தத் தெரியாத செவிலியர் அவற்றை அணைத்துவைத்திருந்ததையும் ஹெல்த்கேர் கமிஷன் பதிவுசெய்தது. நோயாளி வெளியேறிய நேரத்தைப் பொய்யாக எழுதும்படி கீழ்நிலைச் செவிலியருக்கு அழுத்தம் கொடுத்ததாகக் கண்டறியப்பட்ட இரண்டு மூத்த செவிலியரின் பெயர்கள் 2013இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன.

இதை உள்ளிருந்தே எதிர்த்தவர் ஹெலீன் டோனெலி என்ற இளம் செவிலியர். ஆள் பற்றாக்குறை குறித்தும் நேரப் பொய் குறித்தும் அவர் கிட்டத்தட்ட நூறு சம்பவ அறிக்கைகள் எழுதினார். வழக்கமான பதில்கூடக் கிடைக்கவில்லை. சக ஊழியர் சிலரின் மிரட்டல்தான் கிடைத்தது. இரவுப் பணி முடிந்து தனியாக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போக அஞ்சி, வீட்டாரை வரச்சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தவர், 2008இல் அந்த வேலையை விட்டார். ஒரு நிறுவனத்தின் முறையான அறிக்கைப் பெட்டியில் நூறு எச்சரிக்கைகள் விழுந்தும் இயக்குநர் குழுவின் மேசைக்கு ஒன்றுகூட உரிய கனத்தோடு போய்ச்சேரவில்லை. ஸ்டாஃபோர்டைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் கலங்கவைத்த செய்தி இது.

வார்டுகளில்

மருத்துவ வார்டுகளில், குறிப்பாக முதியவர்கள் இருந்த 10, 11, 12ஆம் வார்டுகளில், நடந்தவை குறித்து உறவினர்கள் தந்த வாக்குமூலங்கள் ஒன்றுபோல இருந்தன. உணவுத் தட்டு படுக்கைக்குக் கை எட்டாத தூரத்தில் வைக்கப்படும். எழுந்து உட்கார முடியாத நோயாளி அதைப் பார்த்தபடி கிடப்பார். சிறிது நேரம் கழித்து வருபவர் மூடிகூடத் திறக்கப்படாத தட்டை எடுத்துப்போவார். சாப்பிட்டாரா என்று கேட்கவோ, சாப்பிடவில்லை என்று குறிக்கவோ மாட்டார். அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கும். கழிப்பறைக்கு அழைத்துப்போக யாரும் வராததால் படுக்கையிலேயே நனைந்து, மணிக்கணக்கில் அப்படியே விடப்பட்டவர்கள் இருந்தார்கள். அழுக்கான விரிப்புகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துவந்த குடும்பங்களும் உண்டு. வலிநிவாரணி தாமதமாக வந்தது, அல்லது வராமலே போனது. விழுந்து அடிபட்ட செய்தி குடும்பத்துக்குச் சொல்லப்படவில்லை. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் கொடுக்கத் தவறியதால் 2007இல் நிகழ்ந்த மரணம் பின்னால் நீதிமன்றம் வரை சென்று, 2014இல் டிரஸ்ட்டுக்கு இரண்டு லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

அதே நகரத்தில் சிற்றுண்டிக் கடை நடத்திவந்த ஜூலி பெய்லியின் தாயார் 2007 நவம்பரில் இந்த மருத்துவமனையில் இறந்தார். தாயைத் தனியே விட்டுப்போகத் துணியாமல் வாரக்கணக்கில் குடும்பத்தோடு முறைவைத்துப் படுக்கையருகே நாற்காலியில் இரவைக் கழித்த அவர், பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்களின் நிலையையும் கண்ணால் பார்த்தவர். உள்ளூர்ப் பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பிறகு அதே அனுபவம் உள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவருடைய கடையைத் தேடிவந்தார்கள். 'கியூர் த என்.எச்.எஸ்.' என்ற இயக்கம் அந்தக் கடையில்தான் உருவானது. புகைப்படங்களைச் சுவரில் ஒட்டி, அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதி, பொது விசாரணை வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்காவிட்டால், இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும்.

எண்களும் அவற்றுக்குக் கிடைத்த விளக்கமும்

நோயாளிகளின் வயது, நோய், சேர்க்கப்பட்ட விதம் ஆகியவற்றைக் கணக்கிலெடுத்து, எதிர்பார்க்கத்தக்க இறப்புகளோடு உண்மையில் நிகழ்ந்த இறப்புகளை ஒப்பிடும் அளவீடு ஒன்றை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியர் பிரையன் ஜார்மன் உருவாக்கியிருந்தார். அதில் 100 என்பது எதிர்பார்த்த அளவு. 2007 ஏப்ரலில், மருத்துவமனைத் தரவுகளை ஆராய்ந்து வெளியிடும் டாக்டர் ஃபாஸ்டர் நிறுவனத்தின் பட்டியலில் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயரின் எண் 127.

டிரஸ்ட் சொன்ன விளக்கம், நோய்களைக் குறியீடாக மாற்றிப் பதிவதில் பிழை என்பது. மேற்பார்வைப் பொறுப்பில் இருந்த வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பிராந்திய சுகாதார ஆணையமும் அளவீட்டின் நம்பகத்தன்மையை ஆராயும்படி பர்மிங்காம் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. குறியீட்டுப் பதிவில் பிழை இருக்கக்கூடும் என்பது நியாயமான சந்தேகமே. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி, இறந்தவர்களின் மருத்துவக் குறிப்பேடுகளை எடுத்துப் படிப்பதும் வார்டுக்குப் போய்ப் பார்ப்பதும். கணக்கைச் சரிபார்ப்பதில் காட்டிய அக்கறையை அந்த வேலைகளில் யாரும் காட்டவில்லை. பின்னால் கமிஷனின் விசாரணை, 2005 முதல் 2008 வரை அவசரமாகச் சேர்க்கப்பட்ட வயதுவந்தோருக்கான விகிதம் 127க்கும் 145க்கும் இடையே இருந்ததைக் காட்டியது.

400 முதல் 1,200 பேர் வரை அநியாயமாக இறந்தார்கள் என்ற எண் பத்திரிகைகளில் பரவி, இன்றுவரை திரும்பத்திரும்பச் சொல்லப்படுகிறது. கமிஷனின் இறுதி அறிக்கையில் அந்த எண் இல்லை. இந்த அளவீட்டிலிருந்து தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களின் எண்ணிக்கையைப் பெற முடியாது என்று பின்னர் வந்த பொது விசாரணையும் எச்சரித்தது. எண்ணை ஒதுக்கிவைத்தாலும் குற்றத்தின் கனம் குறைவதில்லை. தண்ணீர் கொடுக்கப்படாமல், வலியோடு, அசுத்தத்தில் கிடந்து பிழைத்து வீடு திரும்பியவர்கள் எந்த இறப்புக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

யார் பார்த்திருக்க வேண்டும்?

2009 ஜூலையில் சுகாதார அமைச்சர் ஆண்டி பர்ன்ஹாம், வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையில் முதல் விசாரணைக்கு உத்தரவிட்டார். 2010 பிப்ரவரியில் வெளிவந்த அதன் அறிக்கை மருத்துவமனைக்குள் நடந்ததை மட்டுமே ஆராய்ந்தது. வெளியே இருந்த அமைப்புகள் ஏன் தவறின என்ற கேள்விக்காக, ஆட்சி மாறியபின் 2010 ஜூனில் புதிய சுகாதார அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி பொது விசாரணையை அறிவித்தார். ஸ்டாஃபோர்ட் நகர நிர்வாக அலுவலகத்தில் 139 நாட்கள் அமர்வு நடந்தது. 250க்கும் மேற்பட்ட சாட்சிகள், பத்து லட்சம் பக்கங்களுக்கு மேல் ஆவணங்கள், சுமார் 1.3 கோடி பவுண்டு செலவு. 2013 பிப்ரவரி 6ஆம் தேதி அறிக்கை 290 பரிந்துரைகளோடு வந்தது. அன்றே பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

முதல் பொறுப்பு டிரஸ்ட்டின் இயக்குநர் குழுவையே சாரும் என்பதில் ஃபிரான்சிஸ் தயங்கவில்லை. புகார்கள் அந்தக் குழுவுக்கு எண்ணிக்கையாகவும் வகைப்பாடாகவும்தான் போயின. ஒரு மகளோ கணவரோ எழுதிய சொற்கள் போகவில்லை. ஆனால் குழுவுக்கு வெளியே இருந்தவர்களின் வரிசையும் நீளமானது. ஹெல்த்கேர் கமிஷன் அப்போது ஆண்டு மதிப்பீட்டுக்குப் பெரும்பாலும் டிரஸ்ட்டுகளின் சுய அறிவிப்பையே நம்பியது. ஃபவுண்டேஷன் தகுதியை வழங்கிய மானிட்டர் அமைப்பு நிதியையும் நிர்வாகக் கட்டமைப்பையும் ஆராய்ந்தது. தரம் கமிஷனின் வேலை என்று கருதியது. கமிஷனுக்கு 2007லேயே இறப்பு விகிதம் குறித்த எச்சரிக்கைகள் வரத்தொடங்கியிருந்தும் மானிட்டரிடம் அது சொல்லவில்லை, மானிட்டரும் கேட்கவில்லை. சுகாதாரத் துறை விண்ணப்பத்தை ஆதரித்து அனுப்பிவைத்தது. அறுவைசிகிச்சைப் பிரிவின் செயல்பாடு சீர்குலைந்திருப்பதாக ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் 2007இல் எழுதிய அறிக்கை டிரஸ்ட்டைத் தாண்டிப் போகவில்லை.

கவுண்டி அளவில் நிலைமை இன்னும் வருத்தத்துக்குரியது. நோயாளிகளின் சார்பில் பேச 1974 முதல் இருந்துவந்த சமூக சுகாதாரக் குழுக்கள் 2003இல் கலைக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்த நோயாளி மன்றங்களும் 2008இல் கலைக்கப்பட்டன. பிராந்திய ஆணையமும், மருத்துவமனையிடமிருந்து சேவையை வாங்கும் முதன்மைப் பராமரிப்பு டிரஸ்ட்டும் 2006இல் மறுசீரமைக்கப்பட்டபோது பழைய அமைப்புகளின் கோப்புகளும் நினைவும் புதியவற்றுக்கு முழுமையாக வந்துசேரவில்லை. கவுண்டி மன்றத்திலும் நகர மன்றத்திலும் இருந்த மேற்பார்வைக் குழுக்கள் டிரஸ்ட் தந்த விளக்கங்களைக் கேட்டுக்கொண்டன, குடைந்து கேட்கவில்லை. உள்ளூர்க் குடும்ப மருத்துவர்கள், தாங்கள் அனுப்பிய நோயாளிகளுக்கு என்ன ஆனது என்பது குறித்த கவலையை விசாரணை தொடங்கிய பிறகே வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுக்கொரு முறை பெயர்ப்பலகை மாறும் அமைப்பில் யாருக்கும் நீண்ட நினைவு இருக்காது. மறுசீரமைப்பைச் சீர்திருத்தமாகவே எண்ணிப் பழகிய அரசுகள் இந்த விலையைக் கணக்கிடுவதே இல்லை.

பிறகு நடந்தவை

சட்டத்திலும் விதிகளிலும் மாற்றங்கள் வந்தன. நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அதை அவரிடமோ குடும்பத்திடமோ ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற சட்டக் கடமை 2014 நவம்பரில் என்.எச்.எஸ். அமைப்புகளுக்கு நடைமுறைக்கு வந்தது. நோயாளியை வேண்டுமென்றே புறக்கணிப்பதும் துன்புறுத்துவதும் 2015இல் தனிக் குற்றமாக்கப்பட்டன. ஃபிரான்சிஸின் இன்னொரு ஆய்வைத் தொடர்ந்து, ஊழியர்கள் அச்சமின்றிக் குறைகளைச் சொல்ல ஒவ்வொரு டிரஸ்ட்டிலும் தனிப் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார். இறப்பு விகிதம் அதிகமாக இருந்த 14 டிரஸ்ட்டுகளை, என்.எச்.எஸ். இங்கிலாந்தின் மருத்துவ இயக்குநர் புரூஸ் கியோ தலைமையிலான குழு நேரில் சென்று ஆராய்ந்ததில் 11 சிறப்பு நடவடிக்கையின் கீழ் கொண்டுவரப்பட்டன. ஸ்டாஃபோர்ட் தனிப்பட்ட விதிவிலக்கு என்ற வாதம் அத்தோடு முடிந்தது.

ஸ்டாஃபோர்ட் மக்களுக்குக் கிடைத்தது வேறு. போதிய மூத்த மருத்துவர் இல்லாததால் 2011 டிசம்பர் முதல் அவசர சிகிச்சைப் பிரிவு இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை மூடப்பட்டது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. 2013 ஏப்ரலில் டிரஸ்ட் சிறப்பு நிர்வாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஃபவுண்டேஷன் டிரஸ்ட் ஒன்றுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. மருத்துவமனையைக் காப்பாற்றக் கோரிப் பல்லாயிரக்கணக்கானோர் நகரத்தில் ஊர்வலம் சென்றனர். 2014 நவம்பர் 1ஆம் தேதி, ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை 'கவுண்டி ஹாஸ்பிட்டல்' என்ற புதிய பெயரோடு ஸ்டோக்கை மையமாகக் கொண்ட டிரஸ்ட்டிடமும், கேனக் சேஸ் மருத்துவமனை உல்வர்ஹாம்ப்டன் டிரஸ்ட்டிடமும் சேர்ந்தன. மருத்துவர் தலைமையிலான பிரசவப் பிரிவு ஸ்டோக்குக்குப் போனது. சிக்கலான பிரசவத்துக்கும், உடல்நலம் குன்றிய குழந்தையை இரவில் அனுமதிக்கவும், 25 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டியதாயிற்று. மோசமான பராமரிப்பால் வதைபட்ட அதே மக்கள்தான் அதற்கான பரிகாரத்தின் சுமையையும் தாங்கினார்கள். உண்மையைப் பேசியதால் மருத்துவமனை பறிபோயிற்று என்று சிலர் ஜூலி பெய்லியின்மேல் கோபம் கொண்டனர். அவருடைய தாயின் கல்லறை சேதப்படுத்தப்பட்டது. கடையை மூடிவிட்டு 2013இல் அவர் ஊரைவிட்டே போனார். சில மாதங்களில் அரசு அவருக்கு சி.பி.இ. என்ற உயர் கௌரவ விருதை அறிவித்தது.

இந்த நிகழ்வின் வேரில் இருந்த ஆள் பற்றாக்குறைக்கு வந்த தீர்வுதான் மிகவும் மெலிந்தது. வார்டுகளில் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டியை, சிகிச்சைக்கான வழிகாட்டிகளை வகுக்கும் அரசு அமைப்பான நைஸ் 2014 ஜூலையில் வெளியிட்டது. பகல் பணியில் ஒரு செவிலியருக்கு எட்டு நோயாளிகளுக்கு மேல் போனால் தீங்கு நேரும் அபாயம் கூடுகிறது என்று அது குறிப்பிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் பிறவற்றுக்கும் அதே போன்ற வழிகாட்டிகள் தயாராகிவந்த நிலையில், 2015 ஜூனில் அந்தப் பணி நிறுத்தப்பட்டு என்.எச்.எஸ். இங்கிலாந்து வசம் மாற்றப்பட்டது. வேல்ஸ் 2016இலும் ஸ்காட்லாந்து 2019இலும் செவிலியர் எண்ணிக்கையைச் சட்டப் பொறுப்பாக்கின. ஸ்டாஃபோர்ட் இருக்கும் இங்கிலாந்தில் அப்படியொரு தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. வார்டில் எத்தனை பேர் போதும் என்ற முடிவு, 2006இல் இருந்ததைப் போலவே, அந்தந்த டிரஸ்ட்டின் இயக்குநர் குழுவிடம் விடப்பட்டது.